தண்டுவடத் திரவக் கசிவு: எந்த ஸ்கேன், எதற்காக, எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுந்து நின்றால் தலைவலி கூடுகிறது, படுத்தால் குறைகிறது. நியூரோ டாக்டர் கசிவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார், அது நார்மல் என்று வருகிறது, பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. பல பேருக்கு இப்படித்தான் நடக்கிறது, அது எனக்குப் பொறுக்கவில்லை. கசிவில் வகைகள் உண்டு, ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு படம் தேவை, படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்பதுகூட முடிவை மாற்றிவிடும். டாக்டரிடம் போவதற்கு முன் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முடிவு எடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

தலைவலிக்கு எதற்கு முதுகைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்?

மூளையும் தண்டுவடமும் ஒரே திரவத்தில்தான் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 150 மில்லி இருக்கும், உடம்பு ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டும் பழையதை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். இந்தத் திரவத்தைச் சுற்றியிருக்கும் கெட்டியான உறைக்கு டியூரா என்று பெயர். முதுகெலும்புக்குள் எங்காவது அதில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் திரவம் குறைகிறது, நிமிர்ந்து நிற்கும்போது மூளைக்குக் கீழே இருக்கும் ஆதரவு போய்விடுகிறது, தலை வலிக்கிறது. வலிப்பது தலையில், ஓட்டை முதுகில். பெரும்பாலும் நெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் முதுகெலும்புப் பகுதியிலோ, கழுத்தும் முதுகும் சேரும் இடத்திலோ இருக்கும். அடிபடாமல், ஊசி போடாமல், தானாகவே இது வரலாம். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு நாலைந்து பேருக்குப் புதிதாக வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் நினைப்பதைவிட அதிகம்.

முதலில் எந்தப் படம்?

மூளைக்கு எம்ஆர்ஐ, அதுவும் கையில் ரத்தக்குழாய் வழியாக காடோலினியம் கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து, ஏற்றி எடுப்பது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த மூளை எம்ஆர்ஐயை வைத்துக்கொண்டு கசிவு இல்லை என்று சொல்வது அவசரம், ஏனென்றால் பார்க்க வேண்டிய முக்கிய அடையாளமே கான்ட்ராஸ்டில்தான் தெரியும்.

மண்டை ஓட்டுக்குள் இருக்கும் இடத்தின் அளவு மாறாது. திரவம் குறைந்தால் அந்த இடத்தை வேறு ஏதாவது நிரப்பியாக வேண்டும், நிரப்புவது ரத்தம். அதனால் மூளையைச் சுற்றியுள்ள உறை தடித்து, கான்ட்ராஸ்டில் வழவழப்பாக ஒரே சீராக வெள்ளையாக மின்னும். சிரை ரத்தம் ஓடும் பெரிய குழாய்கள் உப்பியிருக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெருத்திருக்கும். மூளைக்கும் உறைக்கும் நடுவே மெல்லியதாகத் திரவமோ ரத்தமோ கட்டியிருக்கலாம். மூளையே கொஞ்சம் கீழே தொய்ந்திருக்கும்.

இவற்றை எண்ணால் அளக்க 2019-ல் பெர்ன் ஸ்கோர் என்று ஒன்று வந்தது. மொத்தம் 9 புள்ளி. உறை மின்னுவது, சிரைக்குழாய் உப்புவது, பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் திரவ இடைவெளி 4 மிமீ அல்லது அதற்கும் கீழே சுருங்குவது, இந்த மூன்றுக்கும் தலா 2. உறைக்கு அடியில் திரவம் சேர்வதற்கும், மூளைத்தண்டைச் சுற்றி அளக்கும் இரண்டு இடைவெளிகள் சுருங்குவதற்கும் தலா 1. ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் முதுகில் கசிவு கண்ணில் படும் வாய்ப்பு அதிகம், இரண்டுக்குள் இருந்தால் குறைவு. ரிப்போர்ட்டில் இந்த ஸ்கோர் இல்லை என்றால் போட்டுத் தரச் சொல்லி ரேடியாலஜிஸ்டிடம் கேட்கலாம், தப்பில்லை.

மூளை எம்ஆர்ஐ நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியானால் கசிவு இல்லைதானே?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. கசிவு உறுதியானவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூளை எம்ஆர்ஐ நார்மலாக இருந்திருக்கிறது. அதுபோக, மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், உறை மின்னுவது மெல்ல மங்கிவிடும். தொடக்கத்தில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், ஒன்றரை வருஷம் கழித்து எடுத்தால் தெரியாமல் போகலாம். ஆகவே பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் முதலில் எடுத்த படம்தான் சில சமயம் கதையைச் சொல்லும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நின்றால் தலைவலி, மயக்கம் வருவது எல்லாமே கசிவு ஆகிவிடாது. நிற்கும்போது இதயத் துடிப்பு கண்டபடி ஏறும் பாட்ஸ் என்ற பிரச்சினையும், கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். அறிகுறியையும் படத்தையும் சேர்த்து வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு அழுத்தம் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

தெரியாது. கசிவு இருந்தும் அழுத்தம் நார்மலாக இருப்பவர்கள் நிறைய. 60 மிமீ நீரளவுக்குக் கீழே இருந்தால் அது சாட்சிதான், ஆனால் நார்மலாக வந்தால் எதையும் தள்ளிவிட முடியாது. அழுத்தம் பார்ப்பதற்காக மட்டும் ஊசி போட்டு உறையில் புதிதாக ஒரு ஓட்டை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மைலோகிராம், அதாவது முதுகுத் திரவத்துக்குள் கான்ட்ராஸ்ட் விட்டு எடுக்கும் படம், எடுக்க எப்படியும் ஊசி போடுவார்கள், அப்போது அளந்துகொள்ளலாம்.

ரிப்போர்ட்டில் "கியாரி" என்று போட்டிருக்கிறார்கள், ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

இந்த இடத்தில் தயவுசெய்து நிதானமாக இருங்கள். மூளை தொய்ந்தால் சிறுமூளையின் அடிநுனி மண்டையின் கீழ்த்துளை வழியாக இறங்கித் தெரியும், பிறவியிலேயே வரும் கியாரியும் பார்க்க அப்படித்தான் இருக்கும். கசிவால் வந்த தொய்வைக் கியாரி என்று நினைத்து மண்டையின் பின்பக்கம் ஆபரேஷன் செய்தால் நிலைமை மோசமாகலாம். கத்தி வைப்பதற்கு முன், கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுத்த எம்ஆர்ஐயில் உறை மின்னுகிறதா, சிரைக்குழாய் உப்பியிருக்கிறதா என்று பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடிபடாத நடுத்தர வயதுக்காரருக்கு இரண்டு பக்கமும் உறைக்கு அடியில் ரத்தம் கட்டினாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

முதுகுத்தண்டு எம்ஆர்ஐயில் என்ன தேடுகிறார்கள்?

உறைக்கு வெளியே திரவம் நிற்கிறதா என்று. கழுத்திலிருந்து இடுப்பு வரை முழு முதுகையும் எடுக்க வேண்டும். கொழுப்பின் வெள்ளையை அடக்கி, திரவம் மட்டும் பளிச்சென்று தெரியும்படி எடுக்கும் டி2 முறைகள் இதற்கு நன்றாக உதவும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, கான்ட்ராஸ்டுகூடப் பெரும்பாலும் வேண்டாம். "முதுகு வலி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் வழக்கமான டிஸ்க் பார்க்கும் முறையில் இடுப்பை மட்டும் எடுத்துத் தந்துவிடுவார்கள், அதனால் கோரிக்கைச் சீட்டில் "திரவக் கசிவு சந்தேகம்" என்று டாக்டர் எழுதுவது ரொம்ப முக்கியம்.

இந்தப் படத்தில் கிடைக்கும் பதில்தான் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யும். உறைக்கு வெளியே நீளமாகத் திரவம் நிற்கிறது என்றால் உறையில் கிழிசல் இருக்கிறது. பெரும்பாலும் டிஸ்கின் ஓரத்தில் முளைத்த ஊசி மாதிரியான எலும்பு முள் ஒன்று முன்பக்கத்து உறையைக் குத்தியிருக்கும், சிலருக்கு நரம்பு வேர் வெளியேறும் இடத்தில் பக்கவாட்டில் பிய்ந்திருக்கும். வெளியே திரவமே இல்லை என்றால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

திரவம் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. அங்கேயே அடைத்துவிட வேண்டியதுதானே?

கூரையில் ஓடு உடைந்தது ஒரு மூலையில், சுவரில் ஈரம் இறங்குவது இன்னொரு மூலையில் என்று பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். ஓட்டை சில மில்லிமீட்டர்தான், ஆனால் வெளியே வந்த திரவம் மேலும் கீழும் பரவி பத்துப் பன்னிரண்டு முதுகெலும்பு நீளத்துக்கு நிற்கும். கழுத்தின் உச்சியில், முதல் இரண்டு எலும்புகளுக்குப் பின்னால் திரவம் சேர்வது அடிக்கடி நடக்கும், ஆனால் கசிவு அங்கே இருப்பது அபூர்வம். அதை நம்பி அந்த இடத்தில் சிகிச்சை செய்து ஏமாந்தவர்கள் உண்டு. கசிவு இருக்கிறது என்று எம்ஆர்ஐ சொல்லும், எந்த எலும்பு மட்டத்தில் என்று சொல்வது மைலோகிராம்.

சாதாரண சிடி மைலோகிராமுக்கும் டைனமிக் மைலோகிராமுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் இடுப்பில் ஊசி போட்டு, திரவத்துக்குள் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் செலுத்துகிறார்கள். சாதாரண முறையில் ஊசி போட்டபின் உங்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து சிடி அறைக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். வேகமாகக் கசியும் முன்பக்கக் கிழிசலில் அந்த இடைவெளியிலேயே எல்லாம் கலந்து பரவிவிடும், உறைக்கு உள்ளேயும் வெளியேயும் வெள்ளை, எங்கே முதலில் தாண்டியது என்று தெரியாது.

டைனமிக் முறையில் கான்ட்ராஸ்ட் ஓடும்போதே படம் எடுக்கிறார்கள். சிடி மேஜையிலேயே ஊசி, செலுத்திய உடனே அடுத்தடுத்து ஸ்கேன். இல்லையென்றால் டிஜிட்டல் சப்ட்ராக்ஷன் மைலோகிராம்: ஆஞ்சியோ அறையில் நொடிக்கு ஒரு படம் மாதிரி தொடர்ந்து எடுத்து, எலும்பின் நிழலைக் கணினி கழித்துவிட, ஓடும் கான்ட்ராஸ்ட் மட்டும் மிஞ்சும். ஒற்றைக் கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தது ஒரு இடத்தில் இரண்டாகப் பிரியும். அந்தப் பிரியும் புள்ளிதான் ஓட்டை.

இங்கேதான் படுக்கும் விதம் வருகிறது. கான்ட்ராஸ்ட் திரவத்தைவிடக் கனமானது, தாழ்ந்த பக்கம்தான் ஓடும். முன்பக்கக் கிழிசல் என்றால் குப்புறப் படுக்க வைத்து இடுப்பை உயர்த்த வேண்டும். மல்லாந்து படுத்தால் கான்ட்ராஸ்ட் கிழிசலை எட்டாமலேயே பின்பக்கமாகப் போய்விடும்.

முதுகு எம்ஆர்ஐயில் வெளியே திரவமே இல்லை, ஆனால் மூளை எம்ஆர்ஐ கசிவு என்கிறது. இது எப்படி?

திரவம் நேராக ரத்தக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கலாம். நரம்பு வேரைச் சுற்றியுள்ள உறைக்கும் பக்கத்துச் சிரைக்கும் நடுவே ஒரு தொடர்பு உண்டாகி, திரவம் வெளியே தேங்காமல் சிரை வழியாகப் போய்விடுகிறது. இதை முதன்முதலில் 2014-ல்தான் விவரித்தார்கள். அதற்கு முன் எத்தனை பேரை "உனக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

இதைக் குப்புறப் படுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. பக்கவாட்டில் படுக்க வேண்டும், ஏனென்றால் கீழ்ப்பக்கத்து நரம்பு வேர் உறைகளில்தான் கான்ட்ராஸ்ட் போய்த் தேங்கும். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. ஒரே வேளையில் செலுத்தக்கூடிய கான்ட்ராஸ்டுக்கு வரம்பு உண்டு என்பதால் பல இடங்களில் இரண்டையும் வெவ்வேறு நாளில் வைக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் மட்டும் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

பழைய மைலோகிராம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முதுகில் செலுத்திய கான்ட்ராஸ்ட் வழக்கத்துக்கு முன்பே சிறுநீரகத்தில் தெரிந்திருந்தால், அது சிரை வழியாக ரத்தத்துக்குள் குறுக்குவழியில் போயிருக்கிறது என்பதற்குத் துப்பு. தேடினால்தான் கண்ணில் படும்.

அந்தப் பரிசோதனை அன்று மேஜையில் என்ன நடக்கும்?

ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்புக்கு அடியில் தலையணையோ நுரைத் திண்டோ வைத்து உயர்த்துவார்கள், தலை தாழ்ந்திருக்கும். இடுப்பில் மரப்பு ஊசி, பிறகு எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசி. முதலில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் விட்டு ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் உப்பு நீர் செலுத்தி அழுத்தத்தை ஏற்றுவார்கள், அழுத்தம் கூடினால் சின்னக் கசிவும் வெளிப்படும். அப்போது தலை கனக்கும், காது அடைக்கும், சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். பிறகு கான்ட்ராஸ்ட், கூடவே "மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள்".

டிஜிட்டல் சப்ட்ராக்ஷன் முறையில் துளி அசைந்தாலும் படம் கெட்டுவிடும் என்பதால் சில மருத்துவமனைகளில் முழு மயக்கம் கொடுத்தே எடுக்கிறார்கள். சிடி முறையில் விழித்திருப்பீர்கள். சில இடங்களில் கையில் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலைக் கொடுத்து அதன் வழியாக மூச்சை இழுக்கச் சொல்வார்கள். அப்படி இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும், சிரைகளிலும் குறையும், திரவம் சிரைக்குள் பாய்வது கூடும், அந்த ஒரு சில நொடியில் முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு நூல் அளவு சிரை வெள்ளையாகத் தெரியும். அந்த நூலுக்காகத்தான் இவ்வளவு பாடு. இப்போது வந்திருக்கும் ஃபோட்டான் கவுண்டிங் சிடி இயந்திரங்களில் இந்த மாதிரி நுண்ணிய சிரைகள் இன்னும் துல்லியமாகத் தெரிகின்றன.

ஐசோடோப் ஸ்கேன், முதுகுக்குள் காடோலினியம் விட்டு எடுக்கும் எம்ஆர்ஐ இதெல்லாம்?

ஐசோடோப் முறையில் இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை முதுகில் செலுத்தி 24 மணி, சில சமயம் 48 மணி வரை படம் எடுப்பார்கள். மருந்து தலை உச்சிக்கு ஏறவே இல்லை, சிறுநீர்ப்பையில் சீக்கிரம் வந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே என்று கேட்டால் பதில் மங்கல். இப்போது இதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

காடோலினியத்தை முதுகுத் திரவத்துக்குள் விட்டு எடுக்கும் எம்ஆர்ஐ, மெதுவாகவோ விட்டுவிட்டோ கசியும் இடங்களைப் பிடிக்க உதவலாம். ஆனால் அந்த வழியில் செலுத்த காடோலினியத்துக்கு அங்கீகாரம் கிடையாது, அளவு கூடிப்போனால் மூளையைக் கடுமையாகப் பாதிக்கும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அனுபவமுள்ள இடத்தில், மற்ற வழிகளைப் பார்த்த பிறகு, மிகச் சிறிய அளவில் மட்டும்.

"நரம்பு வேரில் நீர்க்கட்டி" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதுதான் கசிவா?

அது மட்டும் போதாது. நரம்பு வேரைச் சுற்றி உறை பை மாதிரி உப்புவது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் சகஜமாக இருக்கும். கான்ட்ராஸ்ட் அதிலிருந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் குற்றவாளி என்று சொல்லலாம். ஆனால் சிரைத் தொடர்புகள் பல சமயம் இப்படிப்பட்ட பைகளின் ஓரத்தில்தான் இருக்கின்றன, ஆகவே எங்கெங்கே பைகள் இருக்கின்றன என்ற குறிப்பு உபயோகமானதுதான்.

ஆபத்து ஏதாவது உண்டா?

மைலோகிராமுக்குப் பிறகு தலைவலி, முதுகு வலி கொஞ்ச நாள் கூடலாம். அலர்ஜி, வலிப்பு, தொற்று, ரத்தக்கசிவு இவை அரிது. கதிர்வீச்சு கணிசம்தான், பல முறை ஸ்கேன் எடுக்கும் டைனமிக் சிடியில் இன்னும் கூடும், அதனால்தான் எம்ஆர்ஐயை முதலில் முடித்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, மனநல மருந்து, கர்ப்பம், முன்பு கான்ட்ராஸ்டில் வந்த அலர்ஜி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிரசவத்துக்கு எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்ட பிறகு தலைவலி வந்தது. எனக்கும் இத்தனை படமும் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஓட்டை எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், ஊசி போட்ட இடம்தான். வழக்கமாகச் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ சரியாகும், இல்லாவிட்டால் அதே இடத்தில் பிளட் பேட்ச், அதாவது உங்கள் ரத்தத்தையே எடுத்து உறைக்கு வெளியே செலுத்தி அடைப்பது. தலைவலியின் தன்மை மாறினாலோ, காய்ச்சல், பார்வைக் கோளாறு, வலிப்பு, கை கால் பலவீனம் வந்தாலோ தாமதிக்காமல் படம் எடுக்க வேண்டும். மூளைச் சிரையில் ரத்தம் உறைவது, உறைக்கு அடியில் ரத்தம் கட்டுவது இரண்டும் இந்த நேரத்தில் வரக்கூடியவை.

மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது. இதே பரிசோதனைதானா?

இல்லை, அது வேறு. அங்கே ஓட்டை மண்டையின் அடித்தளத்தில். ஒழுகுவதைப் பிடித்து, அது இந்தத் திரவம்தானா என்று காட்டிக்கொடுக்கும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு சைனஸுக்கும் மண்டை அடித்தளத்துக்கும் மெல்லிய அடுக்குகளாக சிடி. மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் இருப்பதால் தள்ளிப் போடக் கூடாது.

இடம் தெரியாமலே பிளட் பேட்ச் போடலாமா?

போடலாம், போடுகிறார்கள். 2023-ல் பிரிட்டனில் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும், முதலில் மூளைக்கு கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ, முழு முதுகு எம்ஆர்ஐ, ஓய்வில் சரியாகாவிட்டால் இடுப்பில் பொதுவாக ஒரு பேட்ச், அதுவும் உதவாவிட்டால் மைலோகிராம் என்ற வரிசையைத்தான் சொல்கிறது. சிலர் இதிலேயே குணமாகிவிடுகிறார்கள். ஆனால் எலும்பு முள் குத்திய கிழிசலும் சிரைத் தொடர்பும் இதற்கு அவ்வளவாக மசிவதில்லை. பேட்ச் போட்டு நாலு நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தால், அதே பேட்சைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட இடத்தைத் தேடுவதுதான் சரி என்பது என் கருத்து. இடம் தெரிந்துவிட்டால் அங்கேயே ஃபைப்ரின் என்ற ரத்தம் உறையவைக்கும் புரதப் பசை, ஆபரேஷன், சிரைத் தொடர்பு என்றால் சிரை வழியாகவே குழாயை விட்டு அடைப்பது என்று வழிகள் திறக்கின்றன.

எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் கிடைக்கவில்லை. இனி என்ன?

எடுத்ததெல்லாம் எப்படி எடுத்தது என்று முதலில் பாருங்கள். முழு முதுகா? கொழுப்பை அடக்கிய முறையா? மைலோகிராமில் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் படுத்தீர்களா? கழுத்தும் தோளும் சேரும் இடத்தை எலும்பு மறைத்திருந்ததா? கான்ட்ராஸ்ட் அந்த மட்டம் வரை ஏறியதா? ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போகாதீர்கள், படங்களை முழுசாக வாங்கிக்கொண்டு போங்கள். இந்த மாதிரிக் கசிவுகளை வாராவாரம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் அதே படத்தில் மற்றவர் விட்டதைக் கண்டுபிடிப்பது நடக்கிறது. சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்ததில் கிடைத்தவர்களும் உண்டு.

சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் படம் எடுக்க வேண்டுமா?

மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒரு இடைவெளியில் மூளை எம்ஆர்ஐ எடுத்து, தொய்வும் உறை மின்னுவதும் சரியாகிறதா என்று பார்ப்பது வழக்கம். முதுகில் வெளியே நின்ற திரவம் மறைந்ததா என்பதற்கு ஊசி இல்லாத எம்ஆர்ஐயே போதும். முன்பக்கக் கிழிசல் ஆண்டுக்கணக்கில் மூடாமல் கிடந்தால், தலைவலி விட்டுவிட்டாலும் ரத்தத்தின் இரும்புச் சத்து மூளை, தண்டுவட மேற்பரப்பில் படிந்து காது கேட்பதையும் நடையையும் பாதிக்கலாம், அதைப் பார்க்க எம்ஆர்ஐயில் தனி வகைப் படம் இருக்கிறது. ஆகவே வலி இல்லை என்பதற்காக மட்டும் தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ஓட்டையை அடைத்த கையோடு தலைவலி திரும்ப வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். இந்த முறை வலி படுத்தால் கூடுகிறதா, நெற்றிப்பக்கம் வருகிறதா, பார்வை மங்குகிறதா என்று கவனியுங்கள். இத்தனை நாள் குறைந்திருந்த அழுத்தம் அடைத்ததும் எதிர்ப்பக்கம் ஏறுவது அடிக்கடி நடப்பதுதான், மாத்திரையில் அடங்கும், இதை மறுபடி கசிகிறது என்று நினைத்து இன்னொரு பேட்ச் போட்டால் வலி இன்னும் கூடும். அந்த ஒரு தகவலைச் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, அப்படி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.